சிங்கத்தின் பல்

பெண்வீட்டுக்கு அனுப்பிய படத்தில், இரவல் கோட்டோடு, அரசர் காலத்துப் பூங்காவின் கல்சிங்கத்தில் சாய்ந்து நின்றார் தயாபரன். அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதித்துப் பாரிசுக்கு வந்த சுகந்தினி, முதல் வாரமே, "இந்த இடத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று கேட்டாள். அவருக்கு உணவகத்தில் ஓயாத வேலை. "வாற ஞாயிறு" என்றார். ஓய்வுபெற்ற பிறகு, இருபத்தேழு வருடம் கழித்துத்தான் அந்த ஞாயிறு வந்தது.

வாசலுக்குள் நுழைந்ததும் எந்தப் பாதை என்று தெரியாமல் அவர் நின்றார். அவள் நிற்காமல் குளத்தைச் சுற்றிப் போய், சிங்கத்தின் உடைந்த பல்லைத் தொட்டாள்.

"முந்தி இது உடையேல்லை."

"நீர் முந்தியே வந்தனீரோ?"

"எத்தனையோ தரம். நீங்கள் கூட்டிக்கொண்டு வரேக்கை முதல் தரமா இருக்கட்டும் எண்டு சொல்லேல்லை."

எதிரே இருந்த பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பழக்கத்தில், பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள்.