மடியில் வேர்க்கடலை

காரிமங்கலம் சந்தை கலையும் நேரம். ஆடுகளுக்குப் பின்னால் ஊர்ந்தபடி ஜெனிஷா, வாங்குவதற்கு முன் இரண்டாவது காரை ஓட்டிப் பார்க்கிறாள். சற்று முன் ஓட்டிய டர்போ கார், மிதித்ததும் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று மந்தையைப் பார்த்துப் பாய்ந்தது. டர்போ இல்லாத இது, கால் கேட்ட அளவே நகர்கிறது. தினமும் வேலைக்குப் போக டர்போதான் என்று ஒரு மாதமாக அடம்பிடித்த கணவன் அமல்தாஸ் பக்கத்து இருக்கையில் இருக்கிறான். டர்போ காரில் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை விடாத அவன் கை, இதில் மடியில் வேர்க்கடலை உரிக்கிறது. கடைசி ஆடும் விலக, மாலை வெயில் படிந்த சாலையில் அவள் அழுத்துகிறாள். எஞ்சின் குரல் சீராக ஏற ஏற, வேகமும் கூடவே ஏறுகிறது. "அப்போ டர்போவே எடுத்துக்கலாமுங்களா?" என்கிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வேணாந் தாயே, அதுல உசுரே போயி வந்துச்சு" என்றபடி அவள் வாயில் ஒரு பருப்பைப் போடுகிறான்.