முதலில் உயர்ந்த கை

ஆற்றுப் பாதுகாப்புக் குழுவின் கூட்ட அறையில் திரை நீலமாய் ஒளிர்கிறது. ஆற்றில் கலக்கும் சாயக்கழிவின் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி. அப்போதுதான் ஆறு பிழைக்கும் என்று சொல்லி முடிக்கிறார் பொருளாதார நிபுணர். ஓட்டெடுப்பு என்று தலைவர் வாய் திறப்பதற்குள் ஒரு கை உயர்கிறது. சாய ஆலை முதலாளியின் கை! நிபுணருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மனைவி, கல்லூரியில் அரசியல் பாடம் எடுப்பவள், அந்தக் கையில் மின்னும் மோதிரத்தையே வெறிக்கிறாள். "ஏங்க, வெட்டுப்படப் போற ஆடே கத்தியத் தீட்டிக் குடுக்குது. உங்களுக்கு உறுத்தலையா?" "சும்மா இரு. என் கணக்கு சரி." "கணக்கு சரிதான். கழிவை அளக்கப் போறது யாரு?" அவர் தாள்களைப் புரட்டுகிறார். திட்டத்தில் அது இல்லவே இல்லை. அவள் எழுந்து அதையே உரக்கக் கேட்கிறாள். முதலாளி தேனாய்ச் சிரிக்கிறார். "அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்கும்மா? எங்க ஆலைச் சங்கமே அளந்து சொல்லிடும்." நிபுணர் கை நீட்டித் திரையை அணைக்கிறார். "ஓட்டெடுப்பு வேண்டாம் தலைவரே. என் திட்டம் இன்னும் முடியல." அரையிருட்டில் அந்த மோதிரம் மட்டும், இறங்க மனமில்லாமல், உயரத்திலேயே மின்னுகிறது.