யார் அண்ணன்?

அழுகிய பலா இலை ஒன்றின் அடியில் ஆயிரக்கணக்கான அமீபாக்களுக்கு நடுவே மொழுக்கன், சப்பட்டை என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே உடம்பு நடுவில் பிளந்து இரண்டானதால், யார் மூத்தவன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் மொழுக்கன், "நான்தான்டா அண்ணன்" என்று சொல்லிக்கொண்டு அகப்பட்ட பாக்டீரியாவை எல்லாம் முதலில் தின்றுவிடுவான்.

"சரிண்ணே, தின்னு" என்று சப்பட்டை மிச்சத்தைத் தேடிப் போவான்.

ஒருநாள் இலையில் இரை தீர்ந்துபோயிற்று. பட்டினி வந்தால் அமீபாக்களுக்கு ஒரே வழிதான். ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு ஒரு காம்பாக எழுந்து நிற்க வேண்டும். உச்சிக்கு ஏறுகிறவர்கள் வித்தாகிப் பிழைப்பார்கள். காம்பாகிறவர்கள் அங்கேயே விறைத்துச் சாவார்கள்.

கூட்டம் நெருக்கியது. இவர்கள் இருவரில் ஒருவனுக்குத்தான் மேலே இடம் இருந்தது.

"மூத்தவன்தானே தாங்கணும்?" என்றான் சப்பட்டை.

மொழுக்கன் சட்டென்று பின்வாங்கினான். "யோசிச்சுப் பார்த்தா, நீதான் அண்ணன்னு தோணுது."

சப்பட்டை சிரித்துவிட்டான். "இத்தனை நாள் தெரியாமப் போச்சே! நானும் முதல்ல தின்னிருப்பேனே. சரி, ஏறுடா தம்பி."

மொழுக்கன் அவன்மேல் ஏறிப் போனான். தனக்கடியில் அவன் மெல்ல விறைத்துப்போவது தெரிந்தது. குனிந்து பார்க்கவில்லை.

மழைத்துளி ஒன்று வித்தாகியிருந்த மொழுக்கனை வேறோர் இலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வித்து வெடித்து மறுபடி அமீபாவானான். அங்கே இரைக்குப் பஞ்சமில்லை. தனியாகவே தின்று பெருத்து, ஒருநாள் நடுவில் பிளந்தான்.

பக்கத்தில் புதிதாக உருண்டு நின்றவன், "நான்தான்டா அண்ணன்" என்றான்.

மொழுக்கனிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"சரிண்ணே, தின்னு" என்று மட்டும் சொன்னான்.