எங்கே என்று கேட்கக் கூடாது

படத்தைப் பார்த்த நான்காவது நிமிடமே பதில் போட்டுவிட்டேன்.

எங்கள் இணையக் குழுவில் மொத்தம் நாற்பத்தொரு பேர். எல்லோரும் டயாட்டம் பைத்தியங்கள். டயாட்டம் என்றால் தண்ணீரில் வாழும் பாசி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போல ஓடு உண்டு, வகைக்கு ஒரு வடிவம். இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போட உலகத்தில் நாற்பத்தொரு பேர் இருக்கிறீர்களே, உருப்பட்ட மாதிரிதான் என்பான் தம்பி.

குழுவின் முகப்பில் நான் எழுதிய நோக்கம் ஒன்பது வருடமாக அப்படியே இருக்கிறது. 'இன்னது என்று சொல்வது மட்டுமே இக்குழுவின் வேலை. எங்கே எடுத்தது என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.'

காரணம் இருக்கிறது. கடலில் எடுத்தது என்று சொல்லிவிட்டால், எப்பேர்ப்பட்ட நிபுணரின் கண்ணும் கடல் வகையைத்தான் தேடும். நானே ஒரு தடவை அப்படி அசடு வழிந்திருக்கிறேன்.

இன்று வந்த படத்தில் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு முனை மட்டும் லேசாக வளைந்த கண்ணாடிப் படகு. நான் கண்டுபிடித்த வகை, நான் வைத்த பெயர். பெயரின் பின்பாதியில் இருப்பது லத்தீன் வேஷம் கட்டிய 'வாண்டு'. தம்பியை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். குட்டையில் முழங்கால் வரை இறங்கி எனக்குப் பாட்டிலில் தண்ணீர் மொண்டு தந்தவன் அவன்தான்.

தம்பி போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தான். பாறைமேல் கிடந்த செருப்பை அடையாளம் காட்டியது அண்ணன். கடல் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நான் கல்லூரியில் டயாட்டம் பாடம் நடத்துபவள் என்பதால், உடல் பரிசோதனையில் போலீசார் என் உதவியைக் கேட்டார்கள். கூடப் பிறந்தவள் பார்ப்பது முறையல்ல, வேறு யாருக்காவது அனுப்புங்கள் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

படத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த வகையைப் பதித்த நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளை முன்பு குழுவில் சிலருக்கு அனுப்பியிருந்தேன். அதைத்தான் யாரோ படமெடுத்துப் போட்டிருக்கிறார், துக்கம் விசாரிக்க இந்தப் பைத்தியங்களுக்குத் தெரிந்த வழி இதுதான் என்று நினைத்தேன். பெயரை எழுதி, பக்கத்தில் 'நன்றி' என்றும் போட்டேன்.

காலையில்தான் அண்ணன் போன் செய்திருந்தார். "வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டையை மண்ணடிச்சு மூடிடலாம்னு இருக்கேன்மா. பார்க்கிறப்பெல்லாம் அவன் ஞாபகம்தான் வருது."

குரல் கம்மியிருந்தது. கடைசி ஆறு மாதம் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இருந்தும் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன். சரி என்றேன்.

குழுவில் அடுத்த செய்தி வந்தது. படம் போட்டவர் தடயவியல் ஆய்வுக்கூடத்துக்காரர்.

'விதியை மீறுகிறேன், மன்னியுங்கள். இது ஒரு உடலின் தொடை எலும்புக்குள் இருந்தது. கடலோரம் கிடைத்த உடல். இந்த வகை கடலில் இருக்குமா?'

மூச்சு இருக்கும்போதே முங்கியவனின் எலும்புக்குள்தான் டயாட்டம் போய்ச் சேரும். துடிக்கிற இதயம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வகுப்பில் இதை எத்தனையோ முறை சிரித்த முகமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் பதிலுக்குக் கீழே 'நீக்கு' என்ற பொத்தான் இருந்தது. நீக்கிவிட்டு, அவசரப்பட்டுவிட்டேன், இது கடல் வகைதான் என்று எழுதினால் போதும். இந்த வகையில் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசக் குழுவில் ஆள் கிடையாது. எனக்கென்று மிச்சம் இருப்பதும் அண்ணன் ஒருவர்தான்.

போன் அடித்தது. திரையில் அண்ணன். முதல் லாரி மண் வந்திருக்கும்.

எடுக்கவில்லை.

'கடலில் இருக்காது' என்று எழுதினேன். 'இதுவரை உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைத்திருக்கிறது.'

பிறகு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, எங்கே என்றும் எழுதினேன். கதவு எண், தெரு, பின்வாசல். எங்கேயாவது தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று அம்மா எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்து மனப்பாடம் செய்வித்த முகவரி.