பெரிய எழுத்தில் யார் பெயர்

கல்யாண அழைப்புப் பக்கங்களை வடிவமைக்கும் கோமதிக்கு இப்போதெல்லாம் உறவுக்காரர்களின் பஞ்சாயத்து கிடையாது. யார் பார்க்கிறார்களோ அவர்கள் முகத்தைக் கேமராவில் அடையாளம் கண்டு, அவர்கள் பெயரையே முதல் தலைப்பாகப் பெரிதாக்கிவிடும் மென்பொருள் வந்துவிட்டது. அவரவர் போனில் அவரவர் பெயரைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள்.

அருணாவின் கல்யாணத்தில்தான் யாரோ அந்தப் பக்கத்தை மண்டபத்தில் கேமரா வைத்த பெரிய திரையில் போட்டுவிட்டார்கள்.

முதலில் தாய்மாமன் சங்கிலி வந்து நின்றார். அவர் பெயர் திரையை அடைத்துக்கொண்டது. பெண்ணின் பெரியப்பா குற்றாலிங்கம் பக்கத்தில் வந்து பார்த்ததும் அது பாதியாகச் சுருங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தான், என் பேரு நசுங்குது."

"நீரு தள்ளும்வே. நான் பெரியப்பன்."

கல்யாணத்துக்கு வந்திருந்த கோமதி லேப்டாப்போடு ஓடி வந்தாள். பெரியப்பா எட்டிப் பார்க்க ஒரு குதி குதித்தார். திரையில் அவர் பெயரும் குதித்தது. சங்கிலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவரும் குதித்தார். அத்தைமார்கள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தார்கள். சம்பந்தி நாற்காலி மேல் ஏறிவிட்டார். தலைப்புகள் வீங்குவதும் வற்றுவதுமாகத் திரையே ஆடியது.

அப்போதுதான் கோமதி கவனித்தாள். மணமக்கள் பெயர் அடியில் எறும்பளவுக்குக் கிடந்தது. பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்துகொண்டே அவர்களைத் தேடினாள். இருவரும் திரைக்கு நேர் எதிரேதான் நின்றிருந்தார்கள். திரை இருப்பதே தெரியாமல், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு.

கோமதி லேப்டாப்பை மூடிவிட்டு, தானும் ஒரு குதி குதித்தாள்.