வசனம் மறந்தவள்

“முப்பத்தெட்டு வருஷமா ஒரே வேஷம் போடுறே. எந்த இடத்துல வாயை மூடணும்னு இன்னுமா தெரியலை உனக்கு?”

மேக்கப் அறையில் அண்ணன் போட்ட சத்தத்தில், வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நாடகக் குழுவுக்கு அண்ணன்தான் சொந்தக்காரர், கதாநாயகன், எல்லாம். அண்ணி அவர் மனைவி. வீட்டில் மட்டுமல்ல, மேடையிலும். அசட்டுப் பொண்டாட்டி வேஷம். தலையில் கோணல் கொண்டை டோப்பா, மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. அவர் அறிவாளியாகப் பேசுவார், இவர் அசடு வழிவார், ஜனம் சிரிக்கும்.

“தப்புதாங்க. வாய் தவறி வந்துடுச்சு” என்றார் அண்ணி.

“இன்னிக்கு மட்டும் ஆறு தடவை வாய் தவறியிருக்கு! நான் சமாளிக்கலேன்னா மானம் கப்பலேறியிருக்கும்.”

குடித்தனக்காரர் வேஷம் போட்டவர் ஒத்து ஊதினார். “அண்ணன் இருக்கப்போய் வண்டி ஓடுது. அண்ணிக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சு. வசனத்தை விட்டுட்டு என்னென்னவோ உளறுறாங்க.”

மூலையில் நின்றிருந்த உதவி இயக்குநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சினிமாக் கம்பெனியிலிருந்து வந்திருந்த சின்னப் பெண்.

“சார், அம்மாகிட்ட போன வாரம் ஒரு ஸ்கிரிப்ட் குடுத்திருந்தேன். காமெடிப் படம். படம் முழுக்க அவங்கதான். எங்க டைரக்டர் அவங்களை மனசுல வச்சேதான் எழுதியிருக்கார்.”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இவளா? படம் முழுக்கவா? ரெண்டு வரி சேர்ந்தாப்ல மனசுல நிக்காதும்மா இவளுக்கு. ஏதோ என் பக்கத்துல நிக்கிறதால பிழைப்பு ஓடுது.”

“அவர் சொல்றது சரிதாம்மா. வேற ஆளைப் பாருங்க.”

அண்ணி பையிலிருந்த ஸ்கிரிப்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, முகம் கழுவக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் விடவில்லை. பின்னாலேயே நடைக்கு வந்து, வாஷ்பேசின் பக்கத்தில் மடக்கினாள்.

“என்னம்மா இது? இத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷன் கிழிகிழின்னு கிழிக்கிறார். நீங்களும் வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றீங்க. உங்களுக்குப் பேர் வந்துடுமேன்னு அவருக்குப் பொறாமை. அதுகூடவா தெரியலை?”

அண்ணி டோப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இருபத்து மூணு வயசுல ஒரு படத்துல வழுக்கி விழுந்தேன். ஜனம் சிரிச்சுது. அதுக்கப்புறம் இருபது வருஷம் எல்லாரும் வழுக்கியே விழச் சொன்னாங்க. டி.வி.க்குப் போனேன். அங்கேயும் விழச் சொன்னாங்க. விழாம நிக்கிற மாதிரி ஒரு வேஷம் இப்பத்தாம்மா முதல் தடவையா வந்திருக்கு.”

“அப்புறம் ஏன் வேணாங்கிறீங்க?”

அண்ணி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“நாப்பதாவது பக்கத்துல, ‘என்னைக் கேக்க நீ யாரு?’ன்னு மகன் கத்துறான். அந்த அம்மா உடனே பதில் சொல்றா. சொல்லக் கூடாது. கையில இருக்கிற துணியை உதறி, மடிச்சு வச்சுட்டு, அப்புறமாத்தான் சொல்லணும். சிரிப்பு ரெண்டு மடங்கு வரும். டைரக்டர்கிட்ட சொல்லுங்க.”

அந்தப் பெண் ஸ்கிரிப்டைப் புரட்டினாள். நாற்பதாவது பக்கம். எழுத்துக்கு எழுத்து அதே வசனம்.

“உங்களுக்குப் போயா மறதி?”

அண்ணி கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

“அம்மா, இந்த நாடகத்தை நான் காலேஜ்ல போட்டிருக்கேன். வரி வரியாத் தெரியும். ‘வீட்டைக் காலி பண்ணு’ங்கிறது சாரோட வசனம். இன்னிக்கு அவர் பேசாம நின்னுட்டார். நீங்கதான் குறுக்க புகுந்து, ‘ஏங்க, இவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறீங்களா, டம்ளரைக் காலி பண்ணச் சொல்லப் போறீங்களா’ன்னு கேட்டீங்க. ஹாலே சிரிச்சுது. அவருக்கும் வசனம் வந்துடுச்சு.” அவள் குரல் இறங்கியது. “ஆறு தடவையும் மறந்தது நீங்க இல்லை.”

அண்ணி குழாயைத் திறந்தார்.

“அசடு உளறினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அறிவாளி திக்கினா கேப்பாங்க.”

“இது அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா மேடை ஏற மாட்டார். மேடையில நிக்கிற அந்த ரெண்டு மணி நேரந்தான் அவர் அவரா இருக்கார்.”

“நாப்பது நாள் ஷூட்டிங்தாம்மா. அதுவரைக்கும் வேற யாராவது...”

“வேற யாரு உளறுவா?”

சோப்பைப் போட்டு அரிதாரத்தை அழுத்தித் தேய்த்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அந்த ஸ்கிரிப்டை எடுத்துக்கிட்டுப் போயிடு தாயி. கண்ணுல பட்டா ஆசை வந்துடும்.”

மேக்கப் அறைக் கதவு திறந்தது. அண்ணன் நடைக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

அண்ணி அவசரமாக முகத்தைத் துடைத்தார். “கிளம்பலாமாங்க?”

அண்ணன் அந்த நரைத்த தலையை, சுத்தமான முகத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்பின் தெரியாத பெண்களிடம் பேசுகிற மரியாதையோடு ஒரு அடி தள்ளி நின்று கேட்டார்:

“மன்னிக்கணும்மா. என் சம்சாரத்தை இந்தப் பக்கம் பார்த்தீங்களா? கொஞ்சம் அசடு. வழி தெரியாம எங்கயாவது போயிடுவா.”