செவலையும் பிரம்பும்

கதவோரம் சாய்ந்திருந்த பிரம்புக்கு வாய் நீளம். "எனக்குப் பயந்துதானே உட்காருறே," என்று செவலை நாயைத் தினமும் சீண்டும்.

ஒருநாள் செவலையை வளர்க்கும் செல்வராணி அந்தப் பிரம்பும் கையுமாக, "செவலை, இங்க வா," என்று கூப்பிட்டாள். செவலை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"அடி விழும்," என்றது பிரம்பு.

"விழட்டும். நீ இருக்கிற கைக்கு நான் வரமாட்டேன்."

செல்வராணிக்கு என்ன தோன்றியதோ, பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி, அவித்த கிழங்குத் துண்டை நீட்டினாள். செவலை ஓடி வந்து தின்றது, சொல்லாமலே உட்கார்ந்தது. பிறகு பிரம்பைக் கவ்வி அவள் மடியில் போட்டு வாலை ஆட்டியது. அவள் சிரித்துக்கொண்டே அதைத் தூர எறிந்தாள்.

புதரில் விழுந்த பிரம்பு, "ஏய், வந்து தூக்குடா," என்று அதட்டியது.

செவலை அதன் பக்கத்தில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தது. "இந்த அதட்டலுக்கெல்லாம் நான் எழுந்திரிக்க மாட்டேன். நல்லபடியாக் கூப்பிடு, பார்க்கலாம்."